நெற்றியைப் பார்த்துப் பேசு

சித்தூர்
4-2-1959

தங்கச்சி சந்திரம்மாவுக்கு அண்ணன் சின்னசாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை முனிகிருஷ்ணனும் மகள் யசோதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். எனக்கு மார்புவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. அதை விடு.

இந்தக் கடிதத்தோடு கோவர்த்தனனையே அனுப்பியிருக்கிறேன். மண்டி ஆள் ஒருவன் துணைக்கு வருகிறான். அவனைச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடு. என் மகன் அங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் வெல்லமண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். வாங்குகிறவனும் நானும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். எந்த விரலை எப்படி அழுத்துகிறானோ அதுதான் விலை. சரக்கைக் கொண்டுவந்த குடியானவன் பக்கத்தில் நின்றாலும் அவன் கண்ணுக்குத் துண்டுதான் தெரியும். பிறகு நான் வாய்விட்டுச் சொல்வதுதான் அவனுக்கு விலை. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் உன் அண்ணன் ஆளானான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லா மண்டியும் அப்படித்தான்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு மார்பைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். வேலூர் வியாபாரி ரங்கையா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வேறு வழியில்லாமல் கோவர்த்தனனைக் கை கொடுக்கச் சொன்னேன். இரண்டு அழுத்து அழுத்தியிருப்பார், இவன் நெருப்பில் வைத்தமாதிரி கையை இழுத்துக்கொண்டு துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்துகிறான்: "நைனா, இவுரு கை ஈரமா கீது. முப்பத்தி ரெண்டு சொல்றாரு. நீ கன்னையாகிட்ட முப்பதுன்னு சொல்லுவியா, இருவத்தொம்பதுன்னு சொல்லுவியா?"

கன்னையா அங்கேயேதான் நிற்கிறான், சரக்கே அவனுடையது. அவன் சிரித்தான். "இத்தினி வருசமா இந்தப் புள்ளய எங்க ஒளிச்சு வச்சினு இருந்த, சின்னசாமி?" என்றான். "இனிமே உம் மண்டிக்குத் துண்டு எதுக்கு, தண்டோராவே போதும்" என்று இன்னொருவன். ரங்கையா சிரிக்கவில்லை. அந்தப் பையன் நிற்கிற இடத்தில் நான் கை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் மற்ற வியாபாரிகளும் அதையே சொன்னார்கள்.

அவன் அம்மா இருந்தவரைக்கும் அவள் முந்தானைக்குப் பின்னால் இவன் மறைந்திருந்தான். அவள் போன பிறகு நான் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: ஆள் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றியைப் பார்த்துப் பேசு, எதிராளிக்கு வித்தியாசம் தெரியாது. அது போதும் என்று நினைத்திருந்தேன்.

உன் ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவன் வேறுமாதிரி என்பது தெரிகிறதா, தெரியவில்லையா? இதை மட்டும் எனக்கு எழுது. என் மனசு நோகும் என்று சர்க்கரை தடவாதே. சோற்றையும் குழம்பையும் ஒன்றாகப் போடாதே, சாப்பிடமாட்டான். பின்னாலிருந்து தோளைத் தொடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் சின்னசாமி

*

திருப்பதி
20-3-1959

அண்ணாவுக்குச் சந்திரம்மா நமஸ்காரம். கோவர்த்தனன் நன்றாக இருக்கிறான், இளைக்கவில்லை. உங்கள் மார்புவலிக்கு வைத்தியரிடம் காட்டினீர்களா என்பதை முதலில் எழுதுங்கள்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். நீங்கள் கேட்டதை நன்றாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். தெரியவில்லை, அண்ணா. ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இவரோடு கடைக்குப் போகிறான். நம் கடையில் துளசிமணி, குங்குமம், சாமி படம், பித்தளைச் செம்பு வாங்க வருகிறவர்கள் எல்லாம் தெலுங்கில் கேட்கிறார்கள். அவன் பதில் சொல்லாமல் பொருளை எடுத்து வைக்கிறான். "பாபம், அரவவாடு, தெலுகு ராது" என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவனுக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாக வரும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஊரெல்லாம் எந்தத் தாலுகா தமிழ்ப் பக்கம், எந்தத் தாலுகா தெலுங்குப் பக்கம் என்ற பேச்சுதானே. ஒருவன் வாய் திறக்காவிட்டால் தமிழன், அரவவாடு என்றே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒருநாள்தான் பயந்துவிட்டேன். நெல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு வந்திருந்தார். இவன் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சாமி, ஒங்க நாமத்துல எடது காலு வளஞ்சி கீது" என்று சொல்லிவிட்டான். அவருக்குத் தமிழ் புரிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டு குனிந்து நெற்றியைக் காட்டினார். இவன் ஈரத் துணியால் துடைத்துவிட்டு நூல் பிடித்தமாதிரி போட்டுவிட்டான். அன்றிலிருந்து நாமக்கட்டி வாங்குகிறவர்கள் சிலர் அவனிடமே போட்டுக்கொண்டு போகிறார்கள். "ஒம் பொண்டாட்டி அண்ணம் மவன் நல்ல ராசிக்காரன்யா" என்று பக்கத்துக் கடை செங்கம்மா இவரிடம் சொல்கிறாள்.

யசோதா சுகம்.

உங்கள் தங்கை
சந்திரம்மா

*

சித்தூர்
28-3-1959

அன்புள்ள சந்திரம்மாவுக்கு, நீயும் உன் வீடும் நல்லபடியாக இருக்கிற சேதியே எனக்குப் பாதி மருந்து. மீதி மருந்தை வைத்தியர் கொடுத்திருக்கிறார். மாடி ஏறாதே, மூட்டை தூக்காதே, கோபப்படாதே என்கிறார். மண்டிக்காரனுக்குச் சொல்கிற வைத்தியமா இது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வார்த்தைக்காக உனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தரலாம். அரவவாடு என்று நினைத்தால் நினைக்கட்டுமே. பைத்தியம் என்று நினைக்காமல் இருந்தால் சரி. நாமத்தைத் திருத்தினான் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். வருஷக்கணக்காக நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

இரவில் நான் நினைப்பதெல்லாம் ஒன்றுதான். எனக்குப் பிறகு இவன்? வீடு இருக்கிறது, மண்டி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நான் கண்ணை மூடினால் என் மண்டி ஆட்களே அவனையும் சாக்கில் கட்டி விற்றுவிடுவார்கள். அவன் பக்கத்தில் இருந்து, அவனைப் பார்த்துச் சிரிக்காமல், வேளைக்குச் சோற்றைத் தனியாகவும் குழம்பைத் தனியாகவும் போட ஒருத்தி வேண்டும்.

உன் மகளைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதுகிறாய். போன தடவை நான் வந்திருந்தபோது தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தலை நிமிரவில்லை, இரண்டு வார்த்தை பேசவில்லை, வந்த வழியே உள்ளே போய்விட்டாள். எந்த நேரமும் அந்தக் காவிநிறத் தாவணியிலேயே இருக்கிறாள், ஆசை அலங்காரம் எதுவும் கிடையாது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணை எங்கே பார்ப்பது? நன்றாக வளர்த்திருக்கிறாய், சந்திரம்மா.

இவ்வளவு போதும், மீதியை நேரில் பேசலாம்.

உன் அண்ணன்
சின்னசாமி

*

திருப்பதி
20-5-1959

அண்ணாவுக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பை நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

கோவர்த்தனனை வந்து அழைத்துக்கொண்டு போங்கள். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இங்கே கங்கம்மா ஜாத்திரை நடந்தது. தெருவெல்லாம் பம்பையும் உடுக்கையும், ஆம்பளைகள் புடவை கட்டி வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். வேப்பிலையும் கையுமாக ஒருவன் திடீரென்று கடைக்குள் நுழைந்து கோவர்த்தனன் முகத்தருகே கத்திவிட்டான். இவன் காதைப் பொத்திக்கொண்டு கல்லாவைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான். வீட்டுக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே விறகு வைக்கிற இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். பொழுது சாயும்வரை வெளியே வரவில்லை. அவன் ஓடிவந்ததைச் செங்கம்மா பார்த்துவிட்டாள். "என்னடி, வளந்த புள்ள இப்பிடி பயந்துகினு கீது" என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன்.

ஜாத்திரை முடிகிறவரை யசோதாவை வெளியே விடவில்லை. வயசுப் பெண்ணை யார் வெளியே விடுவார்கள். அவள் உள்ளேதான் இருந்தாள்.

சீக்கிரம் வாருங்கள். இந்த வாரத்திலேயே வந்தால் நல்லது.

சந்திரம்மா

*

சித்தூர்
3-6-1959

அன்புத் தங்கச்சிக்கு, உன் வீட்டில் இரண்டு நாள் இருந்து சாப்பிட்டதில் என் உடம்பில் தெம்பு வந்துவிட்டது. பாகாலாவில் வண்டி நின்றபோது கோவர்த்தனனே இறங்கிப்போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான்.

நீ முகம் கொடுத்துப் பேசவில்லை, அது எனக்குத் தெரியாமலில்லை. ஜாத்திரை கலாட்டாவில் அலுத்துப் போயிருப்பாய். அதனால் நேரில் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன். இப்போது கேட்கிறேன். அதற்கு முன்னால் ரயிலில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

வண்டி கிளம்பியதிலிருந்து இவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷன் பேராக முணுமுணுத்துக்கொண்டே வந்தான். திடீரென்று திரும்பி, "நைனா, யசோதாவும் நெத்தியத்தான் பாக்குது" என்றான். மறுபடி ஸ்டேஷன் பேர்.

சந்திரம்மா, தாய்மாமன் எனக்கே தலை நிமிராத பெண், என் மகனை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அதை அவன் கவனித்துமிருக்கிறான். ஒருத்தர் தன்னைப் பார்த்ததை அவன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. இதற்குமேல் என்ன ஜாதகம் பார்க்கவேண்டும்?

யசோதாவை என் மகனுக்குக் கொடு. முறைக்காரன் நான், கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. ஆனால் உரிமை பேசவில்லை, கேட்கிறேன். நகை நான் போடுகிறேன், கல்யாணச் செலவு என்னுடையது. வீட்டை அவள் பேருக்கே எழுதுகிறேன். நான் செத்தால் என் மகன் அவள் கையில் இருக்கிறான் என்ற நினைப்போடு சாகவேண்டும். மாப்பிள்ளையிடம் நீயே பேசு. ஆடி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்
சின்னசாமி

*

சித்தூர்
21-7-1959

சந்திரம்மாவுக்கு. உடம்பு சுகம்தானா? அட்டையில் எழுதுகிறேன், தபால்காரன் படித்தால் படிக்கட்டும். ஆடியும் பிறந்துவிட்டது. நான் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி வரவில்லை. மண்டியில் இரண்டு வியாபாரிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நேற்று மறுபடி மார்புவலி. பதில் எழுது.

சின்னசாமி

*

திருப்பதி
12-8-1959

அண்ணாவுக்குச் சந்திரம்மா நமஸ்காரம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இங்கே எல்லோரும் சுகம்.

சூளூர்பேட்டையில் ஒரு இடம் வந்தது. பையன் பேர் ஜெயச்சந்திரன். அப்பா கிடையாது, அம்மா கன்னியம்மாள்தான் குடும்பத்தை நடத்துகிறாள். புலிகாட் ஏரிப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரம், நல்ல வசதி. வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலையே நிமிரவில்லை, இந்தமாதிரிப் பெண்தான் எங்கள் வீட்டுக்கு வேண்டும் என்று அந்த அம்மாவே சொன்னாள். ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று இவர் சொல்கிறார்.

முறைக்காரர் நீங்கள் இருக்கும்போது உங்கள் கையால் வெற்றிலைபாக்கு எடுத்துக் கொடுத்து, விட்டுக்கொடுத்தேன் என்று சபையில் சொன்னால்தான் பெண்ணை வெளியே கொடுக்க முடியும். சூளூர்பேட்டைக்காரர்களும் அதைக் கேட்கிறார்கள். நீங்கள் வரவேண்டும், அண்ணா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

சந்திரம்மா

*

சித்தூர்
16-8-1959

சந்திரம்மா, சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

காரணம் கேட்கமாட்டேன். காரணம் எனக்குத் தெரியும். நாலு மாசம் உன் வீட்டில் வைத்திருந்து என் மகனை வெல்லம்போல உடைத்துப் பார்த்துவிட்டாய். தெரியவில்லை என்று எனக்கு எழுதிவிட்டு, உனக்கு மட்டும் தெரிந்ததை மனசில் வைத்துக்கொண்டாய். மண்டியில் ரங்கையாவாவது முகத்துக்கு நேரே சொன்னார்.

நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். அண்ணா, உன் பிள்ளை குறைப் பிள்ளை, என் பெண்ணைக் கிணற்றில் தள்ளமாட்டேன் என்று ஒரு வரி. இரண்டு மாசம் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்க வைத்தாய். இவனும் என்னோடு வந்து நிற்பான். "அத்த எழுதலியா நைனா" என்று கேட்பான்.

கோபத்தில் எழுதிவிட்டேன். இந்தக் காகிதத்தைக் கிழித்தால் மறுபடி எழுதத் தெம்பு இல்லை, அப்படியே அனுப்புகிறேன். சந்திரம்மா, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்நியப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தால் ஒரு மாசம் இருப்பாளா? சூளூர்பேட்டைக்காரனுக்கு நூறு பெண் கிடைப்பார்கள். எனக்கு உன் மகளை விட்டால் ஆள் இல்லை. வெற்றிலைபாக்கை என் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லாதே. நீ சின்ன வயசில் என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள். இன்றைக்கு நான் உன் காலடியில் உட்கார்ந்து கேட்கிறேன்.

சின்னசாமி

*

திருப்பதி
20-8-1959

அண்ணா, நீங்கள் உயிரோடும் உடம்போடும் இருந்து இதைப் படிக்கவேண்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளையை நான் குறையாக நினைக்கவில்லை. என் பெண்ணும் அதே பிள்ளைதான்.

நெற்றியைப் பார்த்துப் பேசு என்று நீங்கள் உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததாக எழுதினீர்கள். யசோதாவுக்கு எட்டு வயசிலிருந்து நான் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன். பெண்ணாகப் போனதால் அதுகூட வேண்டியிருக்கவில்லை, தலையைக் குனிந்துகொள் என்றாலே போதும், ஊரே மெச்சுகிறது. பேசமாட்டாள், அடக்கம் என்கிறார்கள். காவித் தாவணி தவிர வேறு துணி உடம்பில் பட்டால் அழுவாள், ஆடம்பரம் இல்லாத பெண் என்கிறார்கள். ஒரே தட்டில்தான் சாப்பிடுவாள், தட்டை ஒளித்துவைத்தால் பட்டினி கிடப்பாள். அதற்கும் ஒரு நல்ல பேர் வைத்துவிட்டார்கள். நீங்களும் எழுதினீர்களே, நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று. பெற்ற அப்பாவுக்கே தெரியாது, அண்ணா. வயசுப் பெண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜாத்திரையன்று கோவர்த்தனன் ஓடிவந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தான் என்று எழுதினேன். அங்கே யசோதா முன்னாலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அவள் அங்கேதான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அப்போதே எனக்குப் பயம். உங்கள் கண்ணுக்கும் இவர் கண்ணுக்கும் தப்பியது அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. ரயிலில் அவன் சொன்னதை நீங்கள் எழுதின கடிதத்தை இவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேன். இந்தச் சேதி சித்தூரில் பரவுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் சூளூர்பேட்டையைப் பேசி முடித்தேன்.

உங்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் மகனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி. என் மகளைப் பார்த்துக்கொள்ள யார்? உங்களுக்குப் பிறகு, எனக்குப் பிறகு, இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தால் அடுப்பை மூட்டுவது யார்?

இதுவரை தெரியாதது இனியும் தெரியாமலே போகட்டும். வந்து வெற்றிலைபாக்கு எடுத்துக் கொடுங்கள்.

சந்திரம்மா

*

சித்தூர்
25-8-1959

சந்திரம்மாவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. சொன்னபடி எரித்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வியாபாரியாகச் சொல்லவேண்டும் என்றால், வெல்லத்தை உடைத்துக் காட்டாமல் நான் விற்றதில்லை. விலையில் துண்டு போட்டிருக்கிறேன், சரக்கில் போட்டதில்லை. அந்தச் சூளூர்பேட்டை அம்மாளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் போய்விடுவார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் தெரிந்துபோனவன் கதி என்ன என்பதைத் தினமும் மண்டி வாசலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரியாத ஒன்றாவது பிழைத்துப்போகட்டும். வருகிறேன். வாயைத் திறக்கமாட்டேன்.

அண்ணன்

*

திருப்பதி
25-3-1960

அண்ணாவுக்குச் சந்திரம்மா எழுதுவது. கல்யாணம் முடிந்து இத்தனை நாளாக உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. உங்கள் மார்புவலி எப்படி இருக்கிறது? கோவர்த்தனன் எப்படி இருக்கிறான்?

போன வாரம் சூளூர்பேட்டைக்குப் போய் வந்தேன். பொங்கலுக்குப் பெண்ணை அனுப்பவில்லை, வேலை என்றார்கள். நானாகப் போனேன். கன்னியம்மாள் நல்ல மாதிரிதான், குறை சொன்னால் என் வாய் அழுகும். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "ஒங்க பொண்ணால ஒரு தொந்தரவும் இல்லிங்க. வூட்ல கீதா, இல்லியான்னே தெரியல" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

யசோதா காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டினபோது வளையல் மணிக்கட்டிலிருந்து சரிந்து முழங்கை வரைக்கும் போயிற்று, அண்ணா. கல்யாணத்தன்று சோப்புப் போட்டு ஏற்றின வளையல் அது.

வீட்டுக்குப் பின்னாலேயே கருவாட்டுக் கொட்டகை. தின்கிற சோற்றிலிருந்து கட்டுகிற புடவை வரைக்கும் அந்த வாசனை. நமக்கே தலை கிறுகிறுக்கிறது. அவளுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மருமகள் கடைசியில்தானே சாப்பிடுவாள், எல்லோரும் எழுந்துபோன பிறகு. அவள் சாப்பிடுகிறாளா, கொல்லையில் காக்கைக்குப் போடுகிறாளா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? வேலைக்காரி சுந்தரம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்காக்குத்தாம்மா போடுது. நான் சொன்னா பெரியம்மா நம்பல, நீதான் துன்றியான்றாங்க" என்றாள்.

தனியாக இருக்கும்போது யசோதாவைக் கேட்டேன். அவள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தாலி கட்ற வரைக்கும் தலைய நிமிராத, வாயத் தொறக்காதன்னு சொன்ன. கட்டிட்டாங்க. அப்பறம் எப்பத் தொறக்கணும்னு நீ சொல்லல."

அண்ணா, நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொன்னால் மறைத்துக் கட்டிவைத்தாயா என்று கேட்பார்கள். இவர் என்னை வீட்டை விட்டுத் துரத்துவார். சொல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள். அதுவும் யாருக்கும் தெரியாமலே நடக்கும். இதை எழுத இந்த உலகத்தில் உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

சந்திரம்மா

*

சித்தூர்
2-4-1960

சந்திரம்மாவுக்கு அண்ணன் சின்னசாமி. நீ அழுவதை நிறுத்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நேற்றோடு திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, சத்தியவேடு நம் தெலுங்குப் பக்கம் வந்துவிட்டது. மண்டியில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தச் சந்தடியில் உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்துப் படித்தேன். பிறகு மண்டியைச் சாத்திவிட்டேன்.

கோவர்த்தனன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். கொட்டகையின் பின்பக்கம் வெல்லத்தை உடைத்து மோந்து தரம் பிரிக்கிறான். அவன் எப்படி என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேலி நிற்கவில்லை. ஆனால் யாரும் அவன் கையைத் தொடுவதில்லை, கன்னையாகூடத் தள்ளி நின்றுதான் பேசுகிறான். மதியம் அவன் சோற்றைத் தொடாமல் வைத்தால் மூட்டை தூக்குகிறவன் வந்து என்னிடம் சொல்கிறான். அவனைப் பார்த்து ஊர் சிரித்ததற்காக நான் செத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவன் பார்க்கவாவது செய்கிறான் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

கல்யாணத்தன்று தாய்மாமன் என்று நான்தான் யசோதா கையைப் பிடித்து மணைக்கு அழைத்துப்போனேன். நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளக்கின்றன, நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவள் விரல்கள் என் கைக்குள் என்னென்னவோ அழுத்தின. துண்டுக்குள் விரலைப் படித்தே பிழைத்தவன் நான். அந்த விரல் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாளைக்குக் காலை வண்டியில் போகிறேன். கூடூரில் மாறி சூளூர்பேட்டை. அந்த அம்மாள் முன்னால், அவள் மகன் முன்னால், வேலைக்காரி இருந்தால் அவள் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். பெண் இப்படித்தான், நாங்கள் மறைத்தோம், குற்றம் அவளுடையது அல்ல, என்னோடு அனுப்புங்கள் என்று. நாம் போட்ட நகையைத் திருப்பிக் கேட்கமாட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அனுப்பமாட்டோம் என்றால் வாசலில் உட்காருவேன். மாப்பிள்ளை உன்னைத் துரத்தினால் நீயும் சித்தூருக்கு வந்துவிடு.

அவளை என் மருமகளாக ஆக்க அழைத்து வரவில்லை, அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. எனக்குப் பிறகு யார் என்று ஒருவனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் இரண்டு பேருக்காகக் கேட்கவேண்டும். மார்புவலி இருக்கிறது.

அவள் தட்டையும் காவித் தாவணியையும் எடுத்து வை. திரும்பி வரும் நாளைத் தந்தியில் சொல்கிறேன்; திருப்பதியில் வண்டி நிற்கும்போது ஸ்டேஷனுக்கு வா, ஆனால் ஓடிவந்து கட்டிப்பிடிக்காதே, சத்தம் போட்டு அழாதே. சன்னல் வழியாகத் தட்டைக் கொடு, அது போதும்.

நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். பெட்டியைக் கட்டும்போது கோவர்த்தனன் வந்து நின்றான். எங்கே போகிறேன் என்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே தன் துண்டை மடித்துப் பெட்டிமேல் வைத்தான். பிறகு, "நானும் வர்றேன், நைனா. அங்க எல்லாரும் பேசினே இருப்பாங்க. அதுகூட பேசாம ஒக்கார ஒர்த்தர் வோணுமில்ல" என்றான்.

இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். திரும்ப வரும்போது மூன்று வாங்கவேண்டும் என்று நீ வேண்டிக்கொள்.

அண்ணன்
சின்னசாமி